பேசுவோரும் படியளப்போரும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவழி, மாவனல்லையைக் கடந்ததும் சமவெளியை விட்டு மலைமீது ஏறத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தின் முடிவில் இருப்பது கடுகண்ணாவை. ஓரிடத்தில் பெரும்பாறையொன்றைக் குடைந்து வழி அமைத்திருக்கின்றனர். கணவாயின் உச்சியில் உயர்ந்து நிற்பது டோசன் கோபுரம். இப்பாதையை வகுத்த பொறியியலாளரான கப்டன் டோசனின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. வகுத்தவரின் பெயர் கல்லிலே நிலைத்தது. வெட்டியவர்களின் பெயரைக் காற்றுத்தான் அறியும்.

பெயர் உள்ளோர், பெயர் அற்றோர் என்னும் இந்த வேற்றுமை, கடுகண்ணாவைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மலைநாட்டுச் சரித்திரம் முழுவதிலும் காணப்படுவது. பெயர் அற்றோர் சார்பில் பிறர் பேசுவதும், அவ்வாறு பேசுவோருக்குப் பிறிதொருவர் படியளப்பதும் அச்சரித்திரத்தின் ஓர் அதிகாரம். அந்த அதிகாரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

1824 ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் காப்பித் தோட்டம் அமைத்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தாமே காப்பி பயிரிட்டார். நாட்டை ஆள்பவரே தோட்டக்காரருமாக இருந்த காலம் அது. மலையில் விளைந்த காப்பி மாட்டு வண்டிகளில் ஏறி, கடுகண்ணாவை இறக்கத்தில் தள்ளாடித் தள்ளாடிக் கொழும்புத் துறைமுகம் நோக்கிச் சென்றது. வண்டிப் பாதை போதாது, புகையிரதம் வேண்டும் எனத் தோட்டத் துரைமார் கோரினர். தனித்தனியே கேட்டால் கிடைக்காது என்று உணர்ந்த அவர்கள், 1854 ஆம் ஆண்டு கண்டியிலே கூடித் தோட்டத் துரைமார் சங்கத்தை நிறுவினர். 1867 இல் புகையிரதம் கடுகண்ணாவை மலையை ஏறிக் கண்டியை அடைந்தது. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் காப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை மலைநாட்டை ஆட்கொண்டது.

தோட்டத் துரைமார் சங்கத்தின் அமைப்பு இங்கே நோக்கத்தக்கது. உறுப்பினர் தம் பணத்தைத் தாமே கொடுத்தனர். தம் கருத்தைத் தாமே கூறினர். சட்டநிரூபண சபையிலும் தோட்டத்துறைக்கெனத் தனி உறுப்பினர் ஒருவர் அமர்ந்திருந்தார். படியளப்போரும் பேசுவோரும் ஒருவரே. ஆதலால் அவர்தம் குரலில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. சுயநலம் இருந்தது, ஆனால் அது முகமூடி இட்டுக்கொள்ளவில்லை.

தொழிலாளர் நிலை என்ன? திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டு வந்தவர்கள் அவர்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். வந்து சேர்ந்தவர்க்கும் துரைக்கும் இடையே மொழி ஒன்றாயில்லை. அந்த இடைவெளியிலே நின்றவர் கங்காணி.

கங்காணி ஊரிலே ஆள் திரட்டுபவர். தோட்டத்திலே வேலை வாங்குபவர். லயத்திலே பஞ்சாயம் பேசுபவர். தொழிலாளிக்கு ஒரு குறை நேர்ந்தால் துரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆனால் அவருக்குப் படியளந்தவர் யார்? ஆள் திரட்ட முன்பணம் கொடுத்தது தோட்டம். தம் கூட்டத்திலிருந்து அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு எனத் தலைக்காசு வழங்கியதும் தோட்டமே. நோயுற்ற ஒருவனை இன்று வேலைக்கு அனுப்பலாகாது என்று வாதாட வேண்டியவருக்கு, அவன் வேலைக்கு இறங்கினால்தான் காசு. இதைவிடத் தெளிவாக ஒரு பிரதிநிதியின் நாவைக் கட்டும் முறை வேறில்லை. கங்காணிமாருள் நல்லோரும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முறை தீயதாயின், அதனுள் நிற்கும் நல்லவரின் நன்மை நெடுந்தூரம் செல்வதில்லை.

முன்பணம் கடனாக மாறித் தொழிலாளியின் தலையில் ஏறியது. அக்கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் செல்ல இயலாதபடி ‘துண்டு’ என்னும் சீட்டு அவனைக் கட்டியது. 1904 இல் தோட்டத்துறையினர் திருச்சிராப்பள்ளியிலே தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, ஆள் திரட்டும் பணியை ஒழுங்குபடுத்தினர். துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921 ஆம் ஆண்டிலேதான். 1923 இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு கண்டியிலே அலுவலகம் திறந்தார். தோட்டத்தின் பணத்தை நம்பியிராத ஓர் அலுவலர், தொழிலாளர் குறைகளைக் கேட்கத் தொடங்கினார். 1927 இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிறந்தமைக்கு அத்தகைய கண்காணிப்பும் ஒரு காரணம்.

1924 இல் சட்டநிரூபண சபையிலே இந்தியர்களுக்கென இரண்டு இடங்கள் அளிக்கப்பட்டன. ஆனால் வாக்குரிமைக்குச் சொத்தும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தமையால், கொழுந்து பறித்தவர்களில் வாக்களிக்கத்தக்கவர் அரியர். வணிகரும் படித்தோருமே வாக்காளராக இருந்தனர். தெரிவான இருவருள் ஐ. எக்ஸ். பெரைரா கொழும்பின் பெயர் பெற்ற வணிகர். இந்தியச் சமூகம் என்ற ஒரே பெயரின் கீழ், செட்டித்தெருவில் கடை வைத்திருந்தவரும், லயத்தறையில் எட்டுப் பேரோடு படுத்துறங்கியவரும் அடங்கினர். பெயர் ஒன்று, வாழ்வு இரண்டு.

தொழிலாளருக்கென்றே அமைப்பு வேண்டும் என்று முன்னரே கண்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919 இல் அவர் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார், பெரி. சுந்தரம் அதற்குத் துணை நின்றார். அடுத்துத் தோன்றியவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். அவர் இலங்கை வந்ததே வணிகர் தொடர்பினால். வணிகருக்கான பத்திரிகையை நடத்திய அவர், வந்த இடத்தில் கண்டது வேறு. அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட அந்நாளில், புடவை வியாபாரிபோல் தோள்மீது மூட்டை சுமந்து லயங்களுக்குச் சென்றார் என்று சொல்வர். 1931 இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளருக்கென அவர் அமைத்த சம்மேளனம், மலைநாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கம். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளிலே பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஆனால் நெடுங்காலம் தாங்கக்கூடிய பொருள் வலிமை அச்சம்மேளனத்துக்கு வாய்க்கவில்லை. வயிறு நிறையாதவன் கொடுக்கும் சந்தாவைக் கொண்டு சங்கம் நடத்துவது எளிதன்று. பிறர் பொருள் வேண்டாம் என்போர் இந்த உண்மையையும் மறக்கலாகாது.

1939 இல் இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களைப் பணியிலிருந்து நீக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜவகர்லால் நேரு வருகை தந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் உதயமாயிற்று. வணிகர், வழக்கறிஞர், தோட்ட உடைமையாளர், பெரிய கங்காணிகள் எனப் பலரும் அதிலே தலைமை தாங்கினர். அவர்களிடம் பொருள் இருந்தது, கல்வி இருந்தது. தொழிலாளரிடம் தொகை இருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்பட்டது. 1940 இல் காங்கிரஸின் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

அதே 1940 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை வழிநடத்தியது சமசமாஜிகளின் சங்கம். பொலிசார் சுட்டனர், கோவிந்தன் என்னும் தொழிலாளி 10 ஆம் திகதி உயிர்நீத்தார். மலைநாட்டுத் தொழிற்சங்கப் போராட்டத்தில் முதலாவதாக விழுந்த உயிர் என அவர் நினைவு கூரப்படுகிறார். அவ்வாண்டிலேயே தோட்ட உரிமையாளரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தத்தைச் செய்தனர். சங்கம் அமைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் முறையும் வகுக்கப்பட்டது. இதுவரை வாயிலுக்கு வெளியே நின்ற சங்கம் அலுவலகத்துக்குள் அமர்ந்தது. அது பெரும் வெற்றி. ஆயினும் உள்ளே அமர்ந்தவருக்கு ஒரு சோதனையும் உடன் தொடங்கியது: நாற்காலி கொடுத்தவரோடு எவ்வளவு தூரம் முரண்படலாம் என்பதே அது.

செல்வர் தலைமை என்றாலே துரோகம் என்று முடிவு கட்டுவதும் தவறு. சௌமியமூர்த்தி தொண்டமான் இறம்பொடையிலுள்ள வேவண்டன் தோட்டத்து உரிமையாளரின் மகன். தாமும் தோட்ட உடைமையாளர். ஆயினும் 1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர்த் தோட்டத்திலிருந்து தமிழ்த் தொழிலாளரை வெளியேற்ற அரசாங்கம் முனைந்தபோது, அவர் தலைவராயிருந்த காங்கிரஸ் தோட்டங்கள்தோறும் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. தோட்ட முதலாளி ஒருவர் தோட்டத் தொழிலாளரின் தலைவராக நின்று போராடினார். ஒருவருடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கொண்டு, அவர் எங்கே நிற்பார் என்று கணித்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் நிலைமையைத் தலைகீழாக மாற்றின. மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் பிரஜாவுரிமையும் வாக்கும் இழந்தனர். வாக்கு இழந்தவனுக்குப் பாராளுமன்றம் இல்லை, நகரசபை இல்லை, கிராமசபையும் இல்லை. எஞ்சியிருந்தது தொழிற்சங்கம் ஒன்றே. 1950 இல் காங்கிரஸின் தொழிலாளர் சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்டது. சம்பளம் மட்டுமன்று, பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமை விண்ணப்பம், பொலிசு முறைப்பாடு, பிள்ளையின் பள்ளி அனுமதி ஆகிய எல்லாவற்றுக்கும் தொழிலாளி சங்கத்தின் வாயிலையே நாடினான். அந்நிலையில் சங்கம் யாருக்குக் கடமைப்பட்டது என்னும் வினா, ஒரு சமூகத்தின் உயிர்நிலை வினாவாக மாறியது.

தொடக்கத்தில் சந்தாப் பணத்தைத் தோட்டத் தலைவர் லயம் லயமாகச் சென்று கையிலே வாங்கினார். இது தொல்லையானது. ஆனால் அத்தொல்லையில் ஒரு நன்மை இருந்தது. காசு கொடுக்கும் கை, கேள்வியும் கேட்கும். “சென்ற மாதம் சொன்ன குறை என்னவாயிற்று?” என்று ஒரு தாய் வாயிற்படியில் நின்று கேட்டால், தலைவர் மறுமொழி சொல்லியே ஆக வேண்டும். பின்னர் வேறொரு முறை வந்தது. தொழிலாளி ஒருமுறை கையொப்பமிட்டால், தோட்ட நிர்வாகமே மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சந்தாவைக் கழித்து, மொத்தமாகச் சங்கத்தின் தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். சங்கத்துக்கு நிலையான வருவாய் கிடைத்தது. அலுவலகங்களும் வழக்குரைஞரும் வாகனங்களும் அதனால் இயன்றன. இவற்றால் தொழிலாளர் பயனுற்றதும் உண்டு. ஆனால் பணம் தொழிலாளியுடையதாயினும், அது வந்த வழி முதலாளியின் கணக்குப் பேரேடு. வாயிற்படியில் நிகழ்ந்த அந்த உரையாடல் நின்றுபோயிற்று.

இவ்வினா இலங்கை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஸ்பானிய மொழி வழி வந்த ஹிஸ்பானியச் சமூகத்தாரும் வயல்களில் கூலி வேலை செய்தும், ஒதுக்கலுக்கு ஆளாகியும் துன்புற்றவர். அவர்களுக்காகப் பேச 1929 இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் லுலாக் என்னும் கழகம் அமைந்தது. 1968 இல் தோன்றிப் பின்னர் லா ராசா தேசிய மன்றம் எனப் பெயர் பெற்ற அமைப்பு, போர்ட் அறநிலையத்தின் பொருளுதவியுடன் தொடங்கியது. காலப்போக்கில் பெரும் கம்பெனிகளும் இத்தகைய அமைப்புகளுக்குக் கொடை வழங்கலாயின.

கூர்ஸ் என்னும் பியர்க் கம்பெனி, வேலைக்கு ஆள் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதாகக் குற்றஞ்சாட்டி, ஹிஸ்பானியர் பல ஆண்டுகள் அதன் பியரைப் புறக்கணித்தனர். 1984 இல் அக்கம்பெனி ஹிஸ்பானிய அமைப்புகள் பலவற்றுடன் உடன்படிக்கை செய்து, அச்சமூகத்துக்குப் பெருந்தொகை செலவிட இசைந்தது. ஆனால் அந்த நன்மை, அச்சமூகத்தார் எவ்வளவு பியர் வாங்குகின்றனர் என்பதோடு பிணைக்கப்பட்டிருந்தது. லுலாக் அதனைக் காரணம் காட்டி அப்போது கையொப்பமிட மறுத்தது. அதே லுலாக், 2011 இல் ஏ. டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனி மற்றொரு பெரும் கம்பெனியை விழுங்க முயன்றபோது, அம்முயற்சியை ஆதரித்தது. அக்கம்பெனியிடம் நன்கொடை பெற்று வந்த பல சமூக அமைப்புகளும் அவ்வாறே ஆதரித்தமை பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அம்முயற்சி அவ்வாண்டு இறுதியிலே கைவிடப்பட்டது. கொடை பெற்றதால் பேசினரா, கொள்கையால் பேசினரா என்பது அவர்தம் நெஞ்சறியும். ஆனால் அவ்வாறு ஐயுற இடம் அளித்ததே ஓர் இழப்பு.

இதற்கு மறுபுறமும் அந்நாட்டிலேயே உண்டு. 1962 இல் கலிபோர்னியாவில் சீசர் சாவேசும் தோழர்களும் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது, குடும்பத்துக்கு மாதம் 3.50 டாலர் சந்தா என்று விதித்தனர். வறியவர்க்கு அது பெருந்தொகை. அதே வேளையில் வெளியார் அளிக்க முன்வந்த 50,000 டாலர் நன்கொடையைச் சாவேஸ் ஏற்கவில்லை. சங்கம் தம்முடையது என்று தொழிலாளர் உணர வேண்டுமாயின், அதன் செலவைத் தாமே தாங்க வேண்டும் என்பது கருத்து. 1965 இல் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கிய பின்னர் பிற தொழிற்சங்கங்களின் உதவி ஏற்கப்பட்டது. ஆனால் அதற்குள் சங்கத்தின் அடித்தளம் இடப்பட்டுவிட்டது. 1970 இல் திராட்சைத் தோட்ட உரிமையாளர் ஒப்பந்தத்துக்கு இணங்கினர்.

மலைநாட்டுக்கு மீள்வோம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் முதலாளிமார் சம்மேளனமும் பெரிய தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தத்தின் வாயிலாகச் சம்பளத்தைத் தீர்மானித்தன. ஒப்பந்தக் காலத்தில் தொழிற்சங்க நடவடிக்கையில் இறங்குவதில்லை எனச் சங்கங்கள் உறுதியளித்தன. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்னும் கோரிக்கை வலுத்து, 2018 இல் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். 2019 இல் கையொப்பமான ஒப்பந்தமோ அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாய் என நிர்ணயித்தது. தமக்காகப் பேசச் சென்றவர் தம்மிடம் கேட்காமலே கையொப்பமிட்டனர் என்று தொழிலாளர் மனம் வெதும்பினர். சந்தாவை நிறுத்துவோம் என்ற குரலும் எழுந்தது. வாயிற்படியில் நின்றுபோன உரையாடல், வீதியிலே கோபமாக வெளிப்பட்டது எனலாம்.

2021 இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாயை விதித்தபோது, கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஒப்பந்தம் அற்றதும், நிர்வாகம் சந்தாவைக் கழித்துக் கொடுக்கும் ஏற்பாடும் கேள்விக்குரியதாயிற்று. எந்த வாய்க்கால் வழியே சங்கத்துக்கு நீர் பாய்ந்ததோ, அதன் மடை எதிர்த்தரப்பின் கையில் இருந்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்ததும் சம்பள நிர்ணய சபையின் வழியாகவே. பழைய கூட்டு ஒப்பந்தத்தின் வழியாக அன்று.

கங்காணியின் தலைக்காசு முதல் கம்பெனியின் காசோலை வரை இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று உண்டு. பிறர் பொருளைப் பெறுவதனாலேயே ஒரு தலைமை பொய்யாகிவிடுவதில்லை. ஏழையின் காசில் வாழ்வதனாலேயே மெய்யாகிவிடுவதும் இல்லை. யாருக்காகப் பேசுகின்றாரோ அவர் முன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்னும் கட்டாயம் தலைமைக்கு இருக்கிறதா என்பதே உரைகல். அக்கட்டாயம் இருக்கும் வரை, எங்கிருந்து பொருள் வந்தாலும் நா தடம் புரளாது. அது நீங்கிய மறுநாளே, சொந்தச் சந்தாவும் அந்நியக் கொடை போலாகிவிடும்.

இன்றும் கடுகண்ணாவை வழியே மலைநாட்டுப் புகையிரதம் ஏறி இறங்குகிறது. தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள், கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்ப்பவர்கள், அதில் நெருங்கி அமர்ந்து செல்கின்றனர். அவர்களுடைய பாட்டனார் கங்காணியின் வாயால் பேசினர். தந்தையர் சங்கத்தின் வாயால் பேசினர். இப்பிள்ளைகள் படித்தவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள். தம் சார்பில் பேசுவோரிடம், “உமக்குப் படியளப்பவர் யார்? எமக்குக் கணக்குக் காட்டுவது எப்போது?” என்று இவர்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பது நன்றி மறத்தலும் அன்று, பகையும் அன்று. கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கும் தாயின் விழிப்பு அது.